மலேசியப் பாஸ்போர்ட்டோடு தாலுகா ஆபீசுக்கு ஒரு பஸ் பயணம்

வழக்கமாக ஊர் சுற்றிவிட்டு வந்து எழுதுவேன். இந்த முறை நான் சுற்றியது பெங்களூருவில் ஒரு தாலுகா ஆபீஸ். சிரிக்காதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள சொந்தக்காரர் யாராவது உங்கள் வீட்டில் இருந்து, அவருக்கு அரசு உதவித்தொகை கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

என் சித்தப்பா மகன் விக்டர் அண்ணன் போன வருடம் இறந்துபோனார். அவருடைய மனைவி ரோஸலின் அண்ணி பிறந்தது மலேசியாவில், கிள்ளானில். கல்யாணமாகி பெங்களூரு லிங்கராஜபுரத்துக்கு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. பாஸ்போர்ட் மட்டும் இன்னும் மலேசியாவுடையது. இங்கே தங்க, இந்திய வம்சாவளி வெளிநாட்டினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிறார். ஒரே மகன் ஜெரி, வயது இருபத்தாறு. பிறவியிலேயே கால்கள் சரியாக ஒத்துழைக்காது, தடி ஊன்றி நடப்பான். பேச்சு கொஞ்சம் இழுக்கும். கிண்டல் இழுக்கவே இழுக்காது.

அண்ணியின் டியூஷன் வருமானத்தில் குடும்பம் தள்ளாடியது. கிள்ளானில் இருக்கும் அவருடைய தம்பி, மாடி அறையை யாருக்கும் விடாமல் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் கெளம்பி வந்துருங்க" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசிக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே போனால் அண்ணி அந்நாட்டுப் பிரஜை. ஜெரி இந்தியன், விசாவில் போய் விசாவிலேயே இருக்க வேண்டியதுதான்.

"விதவை பென்ஷன் கிடைச்சா இங்கயே சமாளிச்சிடுவேன் ஹெலன்" என்றார் அண்ணி போனில். "ஏன் கிடைக்காது? நான் வரேன் அண்ணி, வாங்கிடலாம்" என்றேன். ஆகஸ்ட் மாதம் காட்பாடியில் ரயில் ஏறி பெங்களூரு கன்டோன்மென்ட்டில் இறங்கும்போதும் அதே தைரியத்தில்தான் இருந்தேன். ஸ்டேஷனிலிருந்து லிங்கராஜபுரம் நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் கேட்ட தொகையை இங்கே எழுதினால் எனக்கு மறுபடியும் ரத்தக் கொதிப்பு வரும். ஆகவே பஸ்.

மறுநாள் காலை எட்டே காலுக்கு மூவரும் கிளம்பினோம். லிங்கராஜபுரத்திலிருந்து சிவாஜிநகர் ஐந்து கிலோமீட்டர். அங்கே பஸ் மாறி, இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். சாதாரண பஸ்ஸின் படி உயரம். ஜெரி ஏற நேரமெடுத்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "நிதானவாகி ஹத்தப்பா", மெதுவாக ஏறுப்பா, என்று காத்திருந்தார். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

இனி வேடிக்கை. கர்நாடக விலாசமுள்ள பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இலவசம். அண்ணி ஆதாரைக் காட்டினார், நடத்துநர் விலாசத்தைப் பார்த்தார், பூஜ்ய டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜெரியிடம் மாற்றுத்திறனாளி பாஸ். என் ஆதாரில் வேலூர். எண்பது ரூபாய்க்கு நாள் பாஸ் வாங்கினேன். "பாத்தீங்களா அண்ணி, கவர்மெண்ட் உங்களை எப்பவோ சேத்துக்கிச்சு" என்று சொல்லிச் சிரித்தேன்.

தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து ஐந்து. எதிர்க் கடையில் ஒரு பை-டூ காபி, அதாவது ஒரு காபியை இரண்டாகப் பிரித்துத் தருவது, வாங்கி இரண்டு தம்ளரை மூன்று பேர் குடித்தோம். வரிசையில் முக்கால் மணி நேரம். கவுண்டரில் இருந்த அம்மாள் தமிழும் கன்னடமும் கலந்து பேசினார்.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான். விதவை பென்ஷன்" என்று அண்ணி ஆதாரை நீட்டினார். வோட்டர் ஐ.டி. கேட்டார்கள். அது இல்லாததால் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார்.

கவுண்டர் அம்மாள் அதைத் திறக்கக்கூட இல்லை. "உங்களுக்கு ஆகல்லம்மா. இந்தியன் சிட்டிசனா இருக்கணும்."

நான் சும்மா இருப்பேனா? "ஆதார் இருக்கே மேடம்! இருபத்தெட்டு வருஷமா இங்கதான் இருக்காங்க. பஸ்லயே ஃப்ரீயா விடறாங்க!"

"பஸ் வேற, இது வேற" என்றவர் ஆதாரில் ஒரு வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். இது அடையாளத்துக்கான சான்று, குடியுரிமைக்கானது அல்ல என்று அச்சடித்திருக்கிறது. என் ஆதாரிலும் இருக்கிறது. ஒரு நாளும் நான் படித்ததில்லை. அப்புறமும் விடாமல் வாதாடினேன். "ரூல் நான் போட்டதில்லம்மா" என்பதோடு அவர் முடித்துக்கொண்டார்.

அண்ணி காகிதங்களைப் பைக்குள் திணித்தார். "விடு ஹெலன். தம்பிக்கு வரேன்னு சொல்லிடறேன்."

அப்போதுதான், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெரி தடியை ஊன்றி எழுந்து வந்தான். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் ஏதோ கேட்டான். அந்த அம்மாள் அவனை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்து, "இவருக்கு என்ன வேணுமாம்?" என்றார்.

"என்கிட்டயே கேளுங்க மேடம்" என்றான் தமிழில். "அம்மா அவங்களுக்குக் கேட்டாங்க. ஆகல்ல. நான் எனக்குக் கேக்கறேன், ஹேண்டிகேப் பென்ஷன். பொறந்தது பெங்களூர்ல. அப்பா இந்தியன். எனக்கு ஆகுமா?"

"அம்மா ஃபாரின்னா உங்களுக்கு என்ன? தாராளமா ஆகும். இத்தனை நாள் ஏன் போடல?"

அண்ணன் இருந்தவரை குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டியதால் யாரும் கேட்கவில்லை. அவர் போனபிறகு எல்லாவற்றுக்கும் அண்ணிதான் ஓடினார். எங்கே போனாலும் முதலில் தன் பாஸ்போர்ட்டை நீட்டி, கிடையாது என்றதும் திரும்பிவிடுவார். வங்கிக் கணக்கு, கேஸ், கரண்ட் எல்லாம் அண்ணி பெயரில். ஜெரியின் பெயரில் அந்த வீட்டில் இருந்தது செல்ஃபோன் நம்பர் மட்டும்தான். எனக்கும் அவன் துணைக்கு வந்தவனாகத்தான் தெரிந்தான்.

அவனுடைய பிறப்புச் சான்றும் ஊனமுற்றோர் அட்டையும் அண்ணியின் பையிலேயே இருந்தன. பென்ஷனுக்கு முன்னால் வருமானச் சான்று வேண்டுமாம். அன்றே அவன் பெயரில் அதற்கு மனு போட்டோம். கையெழுத்துப் போட அவனுக்குக் கொஞ்சம் நேரமாகும். பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். "இருபத்தாறு வருஷம் கழிச்சு போடறேன் சார், சாவகாசமா போட விடுங்க" என்றான் ஜெரி. அந்த மனிதரே சிரித்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸிலும் அதே கதை: அண்ணிக்குப் பூஜ்ய டிக்கெட், ஜெரிக்குப் பாஸ், எனக்கு மட்டும் காசு கொடுத்து வாங்கிய நாள் பாஸ். "அத்தை, மூணு பேர்ல நீங்க ஒருத்தர்தான் ஃபாரினர்" என்றான். என் வாயை அடைக்க உலகத்தில் ஒருவனாவது இருக்கிறான்.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது. பத்து மணிக்கு முன்பே போய் நில்லுங்கள். ஓ.சி.ஐ. அட்டை எத்தனை வருடம் பழையதானாலும் குடியுரிமை ஆகாது, ஆதாரும் ஆகாது. எங்களுக்குச் சொன்னது இது. விதிகள் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் யார் யாருக்கு எந்த நாட்டுக் குடியுரிமை என்று தனித்தனியாகப் பாருங்கள். ஒருவருக்கு இல்லை என்றால் எல்லாருக்கும் இல்லை என்று வீடு திரும்பிவிடாதீர்கள். உதவித்தொகை யாருக்கோ அவர் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். ஜெரிக்கு அடுத்த நாளே ஆரம்பித்தோம். பென்ஷன் இன்னும் கைக்கு வரவில்லை. வரும், வரவைக்காமல் நான் விடமாட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. திரும்பும் வழியில் சிவாஜிநகரில் பஸ் மாறும்போது கிள்ளானிலிருந்து போன் வந்தது. பென்ஷன் விஷயம் கேட்டார் போலிருக்கிறது. அண்ணி இரைச்சலுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: "எனக்கு இல்லையாம்டா. ரூமை வாடகைக்கு விட்டுரு. நாங்க வரல." தம்பி ஏதோ கோபமாகக் கேட்டிருக்க வேண்டும். அண்ணி, தடியை ஊன்றிக்கொண்டு பஸ் போர்டைப் படித்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார்.

"இங்க நான் வெளியாளு. அங்க வந்தா அவன் வெளியாளு. எனக்குப் பழகிருச்சுடா. அவனுக்கு எதுக்கு?"