டிக்கட் ஓட்டைக்குள்ளால் வந்த விமர்சனங்கள்

தியேட்டரில் டிக்கட் விற்கிறவளுக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது; தெரிந்துவிட்டால் விற்க மனம் வராது.

நான் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு தியேட்டரில் டிக்கட் கொடுக்கிறேன். வீடு கொட்டாஞ்சேனையில். என்னோடு கதைக்கிறவர்கள் எல்லாரும் குனிந்து, கண்ணாடியில் இருக்கிற அரைவட்ட ஓட்டைக்கு நேரே வாயை வைத்துத்தான் கதைப்பார்கள். அந்த ஓட்டைக்குள்ளால் டிக்கட்டுக்குச் சல்லி வரும், கை வரும், சில நேரம் வெற்றிலை வாசம் வரும். எல்லாவற்றுக்கும் முன்னால் "படம் எப்பிடி மிஸ்?" என்ற கேள்வி வரும். சேலைக் கடையில் நின்றுகொண்டு "இது சாயம் போகுமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களுக்கும், சாப்பாட்டுக் கடையில் "கறி இன்றைக்கு வைத்ததுதானே?" என்று கேட்டால் தலையாட்டுகிறவர்களுக்கும் என்னுடைய நிலைமை விளங்கும். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் படம் பார்க்கப் போகலாம்.

உண்மை சொன்ன நாள்

ஹெவ்லொக் டவுனிலிருந்து ஒரு ஐயா வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், பாங்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு, புதுப் படம் வருகிற வெள்ளிக்கிழமைகளில் அயன் பண்ணிய சேர்ட்டோடு தனியாக வந்து நிற்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெரிய நடிகர் ஒருவரின் படம். காலைக் காட்சியைக் கதவடியில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்திருந்தேன். ஐயா வந்து படம் எப்படி என்று கேட்டார். மரியாதையான மனிதர், பொய் சொல்ல வாய் வரவில்லை. "முதல் பாதி பரவாயில்லை ஐயா. இரண்டாம் பாதி முழுக்க வில்லன் ஏன் கெட்டவன் ஆனான் என்று விளக்குகிறார்கள். விளங்கி முடிகிறபோது அவன் செத்துப் போகிறான்" என்றேன்.

ஐயா நன்றி சொன்னார். பிறகு ஒரு டிக்கட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். படம் முடிந்து எல்லாரும் போனபிறகு, மெதுவாக நடந்து வந்து ஓட்டையடியில் குனிந்தார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "பிள்ளை, நீர் சொன்னது முழுக்கச் சரி. ஆனா சொல்லாமல் விட்டிருந்தால் நான் இன்டர்வல் வரைக்குமாவது நம்பிக்கையோட இருந்திருப்பன்."

கதைக்கு முன்னால் போனவர்கள்

அன்றிலிருந்து யார் கேட்டாலும் "நல்லா இருக்காம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அந்த "ஆம்" என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன். யாரோ சொன்னார்கள், நான் சொல்லவில்லை.

அடுத்து வந்த பெரிய படத்துக்கு யாரும் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவே இல்லை. ஜம்பட்டா வீதிப் பக்கத்திலிருந்து ரசிகர்கள் பால் பைக்கற்றோடும் மேளத்தோடும் விடியவே வந்துவிட்டார்கள். கட்அவுட் நெற்றியில் பால் வழிந்து, கீழே நின்ற எங்கள் காவல்காரரின் தொப்பியில் கொட்டியது. உள்ளே ஹீரோ ஹெலிகொப்டரிலிருந்து குதிக்கிற நேரம் பார்த்து சவுண்ட் போய்விட்டது. ஹீரோ ஒரு சத்தமும் இல்லாமல் வந்து இறங்கி, வாயை மட்டும் அசைத்தார். தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி ரசிகர்கள் சத்தம் போட்டார்கள். மனேஜர் ஓடிப்போய், அந்த இடத்தைத் திரும்பவும் முதலிலிருந்து போடச் சொன்னார். இந்த முறை சவுண்ட் வந்தது. விசில், கடதாசிப் பூ, ஆட்டம்.

ஆடி முடிந்ததும் பின்வரிசைகள் எழும்பி வெளியே வரத் தொடங்கின. படம் தொடங்கி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. நான் பயந்து போய், மேளம் அடித்த பெடியனிடம் "ஏன் தம்பி, படம் பிடிக்கல்லையா?" என்று கேட்டேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "என்ட்ரி பார்த்தாச்சே அக்கா. இனி கதைதானே இருக்கு."

எழுத்தில் வந்த காதல்

களனியிலிருந்து ஒரு சிங்கள அம்மா வருவார். வெள்ளவத்தையில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வருகிற நாட்களில், மத்தியானக் காட்சிக்கு எங்களிடமும் வந்துவிடுவார். தமிழ் தெரியாது. ஆனால் தமிழ்ப் படம் என்றால் உயிர். என்னைத் "துவ" என்றுதான் கூப்பிடுவார், மகள் என்று அர்த்தம். படம் முடிந்து வந்து சிங்களத்தில் எனக்குக் கதை சொல்லுவார். அவர் சொல்கிற கதை படத்தில் இருந்த கதையை விட எப்போதும் நன்றாக இருக்கும். ஹீரோ எவ்வளவு மரியாதையான பிள்ளை, அந்தப் பெண்ணின் பின்னால் போய் எவ்வளவு பணிவாகக் கதைக்கிறான் என்று கண் கலங்குவார். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஒரு காதல் படத்துக்குத் திரையில் கீழே சிங்களத்தில் எழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். நான் சந்தோஷமாக, "அம்மே, இன்றைக்கு எல்லாம் விளங்கும்" என்று சொல்லி டிக்கட் கொடுத்தேன். அந்தப் படத்தில் ஹீரோ செய்கிற வேலை, ஒரு பெண்ணை பஸ் நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் துரத்துவதுதான். துரத்திக்கொண்டே அவளுக்குப் புத்தியும் சொல்லுவான். இன்டர்வலில் அம்மா குடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. அதன் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவே இல்லை. கடைசியாக ஓட்டைக்குள்ளால் சிங்களத்தில் கேட்டது இதுதான்: "துவ, இவ்வளவு காலமும் இந்த ஆள் அந்தப் பிள்ளையிடம் இதையா சொல்லிக்கொண்டிருந்தான்?"

மூச்சு விட்ட பிணம்

அதே வருடம் ஒரு பேய்ப் படம் வந்தது. சென்னையில் குறைந்த செலவில் எடுத்தது. எவ்வளவு குறைந்த செலவு என்றால், பேய் வருகிற வீட்டுக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரே ஜன்னல் சீலை. நான் பார்த்ததிலேயே மோசமான படம் என்று அடித்துச் சொல்லுவேன். அதில் பயந்தவர் யாராவது இருந்தால் அது தயாரிப்பாளராகத்தான் இருக்கும்.

அந்தப் படத்துக்கு எங்கள் வேதக் கோயில் பங்கைச் சேர்ந்த ஃபிலோமினா அன்ரி கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்தார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்ரியின் மகன் நடிக்கப் போகிறேன் என்று சென்னைக்குப் போனவன். அம்மாவுக்குக் கோல் எடுப்பது எப்போதாவதுதான், எடுத்தாலும் அவசரமாக வைத்துவிடுவான். அவனுக்குக் கிடைத்த முதல் வேடம் இந்தப் படத்தில் ஒரு பிணம். சவச்சாலையில் வரிசையாகக் கிடக்கிற பிணங்களில் ஒன்று. பேய் எழும்புவதோ பக்கத்துப் பிணத்திலிருந்து.

ஒருநாள் அந்தக் காட்சி வருகிற நேரம் கதவடியில் போய் நின்றேன். திரையில் அவனுடைய முகம் தெரிந்தது. நெஞ்சில் போர்த்த வெள்ளைத் துணி மெதுவாக ஏறி இறங்கியது. "டேய், பிணம் மூச்சு விடுதுடா!" என்று ஒருவன் கத்த, தியேட்டர் முழுக்கச் சிரித்தது. முன்வரிசையில் அன்ரியின் தலை மட்டும் அசையாமல் இருந்தது. படம் முடிந்து அன்ரி வெளியே வந்தபோது நான் அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து டிக்கட் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவராகத்தான் வந்து குனிந்தார். "சிரிச்சாங்க என்ன மகள்? சிரிக்கட்டும். அவன் மூச்சு விடுறத நான் பார்த்தேன்தானே."

பொன்னாடையோடு ஒரு படம்

ஜெரோம் எங்கள் வீட்டு ஒழுங்கையில் இருக்கிற பிள்ளை. கல்யாண வீடியோ எடுக்கிறவன். சனி ஞாயிறுகளில் கூட்டாளிமாரைச் சேர்த்துக்கொண்டு, துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு தகப்பனைப் பற்றிப் படம் எடுத்தான். எடுத்து முடிக்க இரண்டு மழைக்காலம் போனது. நடித்ததெல்லாம் எங்கள் ஆட்கள். தகப்பனாக நடித்தவர் உண்மையிலேயே துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவர். மனேஜரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு காட்சிகளை வாங்கினான்.

முதல் நாள் தியேட்டர் நிறைந்தது. எல்லாம் அழைப்பிதழ். குத்துவிளக்கு ஏற்றினார்கள். எங்கள் மண்ணின் சினிமா என்று ஒருவர் பேசினார், அதையே இன்னொருவர் திருப்பிப் பேசினார். பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தப்பட்டவர்கள் வேறு ஆட்களுக்குப் போர்த்தினார்கள். கடைசியில் விளக்கை அணைத்துப் படம் தொடங்கியபோது பிரமுகர்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவர், செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறவர், வாசலில் நின்ற ஜெரோமின் தோளைத் தட்டினார். "தம்பி, உங்கட முயற்சிக்கு என்ட ஆதரவு எப்பவும் இருக்கும். படத்தைப் பிறகு ஃபோன்ல அனுப்பிவிடுங்கோ."

நானே பார்த்தேன் என்று சொன்னேன்

அன்றைக்கு நான் கவுண்டரை மற்றப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பின்னால் நின்று அந்தப் படத்தை முழுக்கப் பார்த்தேன். குறை இல்லாமல் இல்லை. வசனத்துக்கு மேலால் காகம் கத்தியது. மகளாக நடித்த பிள்ளை கமராவைப் பார்த்துப் பார்த்துக் கதைத்தாள். ஆனால் ஒரு இடம் வந்தது. தகப்பன் மழையில் நனைந்து வேலையால் வருகிறார். அன்றைக்குத்தான் அவரை வேலையிலிருந்து நிற்பாட்டியிருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. வாசற்படியில் குந்தி, காலில் கிடக்கிற சப்பாத்தைக் கழற்றப் பார்க்கிறார். கழலவில்லை. இழுக்கிறார், திரும்ப இழுக்கிறார். பிறகு விட்டுவிட்டு, சப்பாத்தில் கையை வைத்தபடி அப்படியே இருக்கிறார். உள்ளே மகள் "அப்பா, தேத்தண்ணி ஆறுது" என்கிறாள். நான் அழுதுவிட்டேன். இத்தனை படங்களுக்கு டிக்கட் கிழித்த எனக்கு, ஒரு சப்பாத்தைப் பார்த்து அழுகை வந்தது.

அடுத்த நாள் எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. பெரிய படத்துக்கு வந்தவர்களையெல்லாம் ஓட்டைக்குள்ளால் மறித்தேன். இதைப் பாருங்கள், எங்கள் பிள்ளைகள் எடுத்தது, நல்ல படம் என்றேன். வழக்கமாக வருகிற ஒரு கணவன் மனைவி. கணவர் சிரித்தார். "பேய்ப் படத்தையும் நல்லா இருக்காம் என்டுதானே சொன்னீங்க மிஸ்?" எனக்குச் சுருக்கென்றது. "இல்லை சேர், இது நானே பார்த்தேன். பார்த்து அழுதேன்" என்றேன். அதைக் கேட்டதும் அந்த மனைவி பையை மூடிவிட்டாள். "அழுறதுக்கா மிஸ் சல்லி குடுத்து வாறது? அது எங்கட வீட்டிலயே இருக்கு."

ஒரே ஒரு ரசிகர்

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு ஒருவரும் வரவில்லை. ஜெரோம் வாசல் படியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் இல்லாவிட்டால் காட்சியை நிற்பாட்டுவது வழக்கம். மனேஜர் நிற்பாட்டச் சொல்லப் போகிற நேரம் ஒரு பெரியவர் வந்து டிக்கட் கேட்டார். "சேர், ஒரு ஆள் வந்திருக்கார் சேர்" என்று ஜெரோம் ஓடினான். மனேஜர் நல்ல மனிதர். ஏசியைப் போடச் சொன்னார். அந்தப் பெரிய மண்டபத்தில் நடுவில் அவரும், கடைசி வரிசையில் ஜெரோமும் இருந்து படம் பார்த்தார்கள்.

முடிந்து வெளியே வந்தவரை ஜெரோம் கவுண்டரடியில் பிடித்துக்கொண்டான். தான்தான் டிரக்டர் என்று சொல்லவில்லை. சும்மா கேட்கிற மாதிரி, "ஐயா, படம் எப்பிடி?" என்றான். பெரியவர் முதலில் தன்னுடைய கதையைத் தொடங்கினார். புதுக்கடைக் கோர்ட்டில் அவருக்கு ஒரு காணி வழக்காம். அதற்காக ஊரிலிருந்து வந்தாராம், தவணைக்கு மேல் தவணை போட்டுக்கொண்டே இருக்கிறார்களாம், லொட்ஜ் ஒன்றில் கிடக்கிறாராம். ஜெரோம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். பெரியவர் அவனுடைய கையைப் பிடித்துச் சொன்னார்: "பொய் சொல்லக் கூடாது தம்பி. இருந்த உடனே நித்திரையாப் போனன். கன காலத்துக்குப் பிறகு நல்ல நித்திரை."

சப்பாத்து

திங்கட்கிழமை அந்தக் காட்சிகளைப் பெரிய படத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஜெரோம் தானே வந்து போஸ்டரைக் கழற்றினான். உதவிக்கு யாரையும் பிடிக்க விடவில்லை. பிறகு நெடுநாள் அவனை ஒழுங்கையில் காணக் கிடைக்கவில்லை. இன்னொரு படம் எடுக்கிறாயா என்று கேட்டவர்களோடு கதைப்பதை விட்டுவிட்டான் என்று அவனுடைய மனைவி சொன்னாள்.

போன மாதம் எங்கள் கோயிலில் ஒரு கல்யாணம். கமராவோடு ஜெரோம் நின்றான். மாப்பிள்ளையிடம் "கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் முகத்தில் ஒரு துளி சிரிப்பில்லை. சாப்பாட்டு நேரம் பக்கத்தில் போய் இருந்தேன்.  அந்தச் சப்பாத்துக் காட்சியை மட்டும் சொன்னேன். அப்படி ஒரு இடத்தை எந்தப் பெரிய படத்திலும் நான் பார்த்ததில்லை, இன்னும் நினைவிலிருந்து போகவில்லை என்றேன். அவன் பிளேட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். கண் இரண்டும் நிறைந்துவிட்டது. "அது நான் எழுதினதே இல்ல அக்கா. அவருக்குச் சப்பாத்து உண்மையாவே கழரல்ல. நான் கட் சொல்ல மறந்துட்டேன்."

இவ்வளவும் கேட்ட பிறகும், வெள்ளிக்கிழமை புதுப் படம் என்றால் நான் தலைக்குக் குளித்து, புதுச் சட்டையும் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். இந்த நம்பிக்கைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்லையாம்.