அவள் மூன்றாம் முறை கூப்பிடவில்லை

காலை நாலரைக்கு எழுவேன். பல் துலக்குவேன். ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒரு டம்ளர் காப்பி. பிறகு கூடத்து மேஜையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்துவேன். மனைவி போன பிறகும் இதில் மாற்றமில்லை.

பேய் கிடையாது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறவன் நான். ஆனாலும் இது நடந்தது. 1971 பங்குனி. காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில்.

ரேணுகாம்பாள் மாசியில் ஒரு வியாழக்கிழமை, சிநேகிதி காந்தாவின் கல்யாணத்துக்கு வாலாஜாபாத் புறப்பட்டாள். பஸ் ஏறினாள். கல்யாணத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஒன்பதாம் நாள் பாலாற்று மணலில் ஒரு உடல் கிடைத்தது. முகம் இல்லை. கிளிப்பச்சைப் பட்டு, மயில் போட்ட அரக்குக் கரை. அவள் தம்பி வேணுகோபால் தன் தறியில் நெய்து, எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த புடவை. போலீஸ்காரர் கேட்டார். "அவள்தான்" என்றேன். வேணுவுக்கு அன்று காய்ச்சல். தனியாகத்தான் போனேன். அங்கேயே எரித்தோம். காரியமும் முடிந்தது.

அடுத்த திங்கட்கிழமை. மணி நாலு ஐம்பது. வாசல் கதவில் வளையல் உரசியது.

"ஏங்க..."

அவள் குரல். கையில் பேனா நின்றது.

"ஏங்க..."

அவ்வளவுதான். ஐந்தரைக்குத்தான் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை.

சாயங்காலம் வேணுவிடம் சொன்னேன்.

"பி.ஏ. படிச்சவருக்கே ஒதறுதா மாமா?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "எத்தினி தரம் கூப்புட்டுது?"

"ரெண்டு."

"பேய்னா ரெண்டோட நிறுத்திக்கும். மூணாந்தரம் கூப்புட்டாத்தான் மனுசங்க. அதுக்கு முன்ன வாயத் தொறந்துடாதீங்க. கதவுகிட்டயே போவாதீங்க."

செவ்வாய். நாலு ஐம்பது. வளையல். இரண்டு முறை கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, ஏதோ ஒன்று கேட்டாள். அது கூப்பிட்டதாகாது என்று கணக்குப் போட்டேன். மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன்...

வரவில்லை.

புதன். நாலு ஐம்பது. வளையல் சத்தம் இல்லை. குரல் மட்டும், நிலைக்குக் கீழேயிருந்து வருவது போல. கதவிடுக்கில் தண்ணீர் கசிந்து உள்ளே வந்தது. வெளியே மழை இல்லை.

வியாழன். நாலு ஐம்பது.

"ஏங்க..."

கதவு தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

குரல் கதவுக்கு இந்தப் பக்கம்.

"ஏங்க..."

என் முதுகுக்குப் பின்னால்.

திரும்பவில்லை.

மேஜையில் தாள்கள்... நனைந்திருந்தன.

ஏழு மணிக்கு வேணு ஓடி வந்தான். தெருக்கோடிக் குளத்தில் ஒரு பெண் மிதக்கிறாள் என்றான். போனேன். இந்த முறை முகம் இருந்தது. ரேணு. அதே கிளிப்பச்சை. அதே மயில்.

"அப்ப அங்க எரிச்சது யாரு மாமா?" என்று வேணு என் சட்டையைப் பிடித்தான். "எத வச்சி அக்கான்னு சொன்னீங்க?"

"புடவை. நீ நெய்தது."

அவன் கை சட்டையை விட்டது. "தறியில ஒரு பாவு ஏத்துனா ஒரே மாதிரி மூணு பொடவ வருமே மாமா... மத்த ரெண்டையும் அப்பவே வித்துட்டனே. என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

மூன்று வருடம் நெசவுக்காரத் தெருவில் குடியிருந்தேன். அது எனக்குத் தெரியாது.

பாலாற்றில் நான் எரித்தது யாரை என்று இன்றுவரை தெரியவில்லை. அத்தனை நாள் ரேணு எங்கே இருந்தாள், ஏன் விடியுமுன்னே மட்டும் வந்தாள், யாருக்குப் பயந்தாள், அதுவும் தெரியவில்லை. டாக்டர் ஒன்று மட்டும் உறுதியாகச் சொன்னார். உடல் தண்ணீரில் இரண்டு நாள் இருந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே உயிர் போயிருக்கும்.

அவள் கூப்பிட்டது நான்கு நாள்.

புதனும் வியாழனும் வந்தது எது என்று நான் யோசிப்பதில்லை. செவ்வாய்க்கிழமை கதவுக்கு வெளியே உயிரோடு நின்று, மெதுவாக அவள் கேட்டது இதுதான்:

"உள்ள வெளக்கு எரியுது... முழிச்சிக்கினுதானே இருக்கீங்க?"