படிகாரம் போட்ட குளம்

என் வீட்டுக்காரரை இந்தக் குடியிருப்பில் எல்லாரும் ‘தண்ணி டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் வீட்டுக் குழாய் பத்து நாளாக ஒழுகுகிறது, அதைப் பார்க்க டாக்டருக்கு நேரமில்லை. நீச்சல் குளம் என்றால் மட்டும் மனிதர் சாப்பாட்டையே மறந்துவிடுவார்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆழமான பக்கத்தில், பன்னிரண்டு அடிக்குக் கீழே, தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஓட்டை போட்ட மூடி ஒன்று இருக்கிறது. கரையில் நின்று அந்த ஓட்டைகளை எண்ண முடியாவிட்டால் கதவைத் திறக்கமாட்டார். யார் வந்து கத்தினாலும் சரி.

அந்த வாரம் தண்ணீர் பால் கலந்ததுபோல வெளுத்துக் கிடந்தது. சோதனைக் குப்பியில் சொட்டு விட்டுப் பார்த்தார். குளோரின் சரி, அமிலம் காரம் எல்லாம் சரி. ஃபில்டரைக் கழுவி ஓட்டினார், அதுவும் சரி. கடைசியில் படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, பம்பை நிறுத்திவிட்டு வந்து படுத்தார். தண்ணீர் அசையாமல் இருந்தால் விடிவதற்குள் கலங்கல் எல்லாம் வெள்ளை மாவாகத் தரையில் படிந்துவிடும், பிறகு குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம்.

விடிந்து பார்த்தால் அதே கலங்கல். மறுநாளும் அப்படியே.

“யாரோ எறங்கிக் கலக்குறாங்க” என்றார்.

“சாவி உங்க இடுப்புல இருக்கு. பேயா வந்து கலக்குது?” என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. ஆனால் என்னைக் கூப்பிட்ட அவர் குரல் சரியில்லை. ஓடினேன். அடியில் படிந்த வெள்ளை மாவில் காலடித் தடங்கள். படியில் இறங்கி, ஆழத்துக்குச் சரியும் இடத்துக்கு மூன்று எட்டு முன்னால் வரை போய்த் திரும்பியிருந்தன. நடந்த தடம்போல இல்லை. ஒவ்வொரு அடியும் அங்குமிங்கும் தேய்த்துத் துழாவியிருந்தது. முழுப் பாதமும் பதிந்த இடங்களில் வலது காலுக்கு நாலு விரல்தான். பம்பு விழுந்து நசுங்கி அவர் சுண்டுவிரல் போனபோது மருந்து போட்டவளே நான்தான்.

இரண்டு நாளாகப் படுக்கை ஈரமாக இருந்தது. குளித்துவிட்டுத் துவட்டாமல் படுக்கிறார் என்று அவரைத் திட்டித் தீர்த்திருந்தேன். தூக்கத்திலேயே எழுந்து போய்க் குளத்தில் இறங்கியிருக்கிறார் என்று இப்போதுதான் புரிந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. ஊரெல்லாம் டாக்டர் என்று கொண்டாடுகிற ஆளுக்கு நீச்சல் தெரியாது என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. தூக்கத்தில் அந்தச் சரிவில் ஒரு கால் வைத்தால் ஆள் போய்விடுவார்.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “முந்தி வேலை பாத்த எடத்துல, கலங்கின தண்ணின்னு தெரிஞ்சே கதவத் தெறந்துட்டேன்” என்றார். “சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிடும்னு நெனச்சேன். ஒரு தையல்காரர் உள்ள போனவர் மேல வரல. கரையிலேருந்து பாத்தா ஒண்ணும் தெரியல. எல்லாரும் கைகோத்துக்கிட்டு வரிசையா எறங்கி, காலாலயே தரையத் துழாவித் தேடினாங்க. நான் மட்டும் படியிலயே நின்னுட்டேன்.”

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக இதைப்பற்றி என்னிடம் மூச்சு விடவில்லை. கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது.

அன்று தரையை உறிஞ்சிச் சுத்தம் செய்தார். படுக்கும் முன் அவர் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் ஒரு துண்டால் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். “இனிமே எழுந்தா என்னையும் இழுத்துக்கிட்டுத்தான் போகணும். அதையும் பாத்துடலாம்” என்றேன்.

விடிந்ததும் முதலில் முடிச்சைத்தான் பார்த்தேன். அவிழவே இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகுதான் முதுகெல்லாம் சில்லென்று இருப்பது தெரிந்தது. என் பின்னல் கழுத்துவரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். “உன் கால்ல ஏதாச்சும் தட்டுச்சா?”

“இல்லங்க. சரிவுக்கு அந்தப் பக்கம் இன்னும் பாக்கலயே” என்று பதில் சொன்னது நான்தான்.