வேலை நடக்கிறது

கணினியைத் திறப்பதற்கு முன் லிஃப்ட் மெக்கானிக் கைகளைத் துணியில் துடைத்துக்கொள்வார். கிரீஸ் ஒட்டியிருக்கிறதோ இல்லையோ, விரல் விரலாகத் துடைத்தால்தான் விசைப்பலகையைத் தொட அவருக்கு மனம் வரும். பிறகு திரையைப் பார்த்து, "என்னம்மா, இன்னிக்கு என்ன மக்கர் பண்ணப்போற?" என்று கேட்பார். அந்த வீட்டில் பேச்சுத்துணைக்கு வேறு யாரும் இல்லை.

மனைவி போன பிறகு இணையதளம் கட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். முகம் தெரியாத பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கும் மென்பொருள் அது. "சும்மா குடுத்திருக்காங்க சார், திட்டவும் மனசு வரல" என்பார். திட்டுவதற்கான சந்தர்ப்பங்கள் தாராளமாகவே வந்தன. மெனுவை மாற்றப்போய் முகப்புப் பக்கமே காணாமல் போனது. மாட்யூல் என்கிற துணை நிரல் ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்று கோபித்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் அவர் கண்ட மருந்து, கணினி சேர்த்து வைத்திருக்கும் பழைய பக்கங்களை அழிப்பது: "கேஷை கிளியர் பண்ணணும்." தலைவலிக்கும் அதையே சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார்.

தளத்தில் இருப்பவை அவர் மனைவி வரைந்த பறவைகள். சமையலறை ஜன்னலுக்கு வந்தவற்றையெல்லாம் அந்த அம்மாள் மின்கட்டண ரசீதுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். உயிரோடு இருந்தவரை யாரும் அவற்றை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தானும் பார்க்கவில்லை என்பதுதான் இவருக்கு உறுத்தல். இனியாவது நாலு பேர் பார்க்க வேண்டும் என்று மகனுக்கும் தங்கைக்கும் உடன் வேலை பார்ப்பவர்களுக்கும் தள முகவரியை அனுப்பினார். பிரமாதம் என்றார்கள். வெளியூரில் இருக்கும் மகன், தினமும் பார்ப்பதாகச் சொன்னான்.

மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த என்னையும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்தே என் கைபேசியில் திறந்தேன். ஒரு பறவையும் இல்லை. 'வேலை நடக்கிறது. பிறகு வரவும்' என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

லிஃப்டில் கை வைக்குமுன் 'வேலை நடக்கிறது' என்று பலகை மாட்டுவது அவருக்கு ஊறிப்போன பழக்கம். இந்த மென்பொருளிலும் அப்படியொரு வசதி இருக்கக் கண்டு, முதல் நாளே ஆசையாக மாட்டியிருக்கிறார். வேலை முடிந்தால்தானே கழற்றுவதற்கு? நிர்வாகியாக உள்ளே நுழைந்த அவருக்கு மட்டும் தளம் முழுதாகத் தெரிந்துகொண்டிருந்தது. மற்ற எல்லோருக்கும் பலகைதான்.

"அப்ப யாருமே பாக்கலையா?" என்றார். அவருக்காக மிகவும் வருத்தமாக இருந்தது. சுவரில் மாட்டியிருந்த மனைவியின் படத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அந்த நேரம் பார்த்து மகனின் அழைப்பு வந்தது. வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். "நேத்துகூட பாத்தேம்ப்பா, நல்லா இருக்கு" என்றான் மகன்.

அவர் துணியை எடுத்து மறுபடி விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"சந்தோஷம்ப்பா. இன்னொரு தடவ பாரு, சின்னதா ஒண்ணு மாத்தியிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே, பலகைக்கான கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தார்.