கிணற்றுக்கட்டில் இருந்த அம்மன்

என் கணவரைக் கொஞ்சங்கொஞ்சமாக இழந்துகொண்டிருந்தேன். அது தெரியாமல் சந்தோசமாக இருந்தேன். அம்பாளை நம்பும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எங்கள் வீடு உரும்பிராயில். அவருக்குப் பார்க்கின்சன் என்ற நடுக்க வருத்தம். கிளினிக்கில் தந்த குளிசைகளோடு நாட்கள் ஓடின. கடந்த ஆவணியில் வெங்காயம் பிடுங்கி முற்றத்தில் காயவிட்டோம். தூசி வெயிலில் பொன்னாய் மிதந்தது. அவருக்கு ஓயாத தும்மல். கடையில் விற்கிற சின்ன மஞ்சள் குளிசையை வாங்கி விழுங்கத் தொடங்கினார்.

ஒரு மத்தியானம் கிணற்றடியைப் பார்த்துச் சிரித்தார். "சிவப்புப் பட்டுப்பாவாடையோடை ஒரு பிள்ளை கிணத்துக்கட்டிலை இருந்து காலை ஆட்டுது" என்றார். எனக்கு மெய்சிலிர்த்தது. அம்மன்தான் என்று விழுந்து கும்பிட்டேன். அயலார் பூவோடும் கற்பூரத்தோடும் வந்தார்கள். வீடெல்லாம் சாம்பிராணிப் புகை. அந்த நாட்கள் நித்திரைக்குள் நடப்பது போலவே இருந்தன. இத்தனை வருசமும் கறிக்கு உப்புக் காணாது என்று சொல்ல மட்டும் வாய் திறந்த மனிதர், இப்போது அரைக்கண் மூடி அருள்வாக்குச் சொன்னார்.

ஒருநாள் பின்னேரம், அந்தப் பிள்ளையைத் தூக்கப் போகிறேன் என்று கிணற்றை நோக்கி நடந்தார். ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். திரும்பிப் பார்த்து, "நீங்கள் ஆர், பிள்ளை?" என்றார்.

உடைந்துபோனேன். "தாயே, நீ வந்தது போதும். என்ரை மனுசனைத் தந்திட்டுப் போ" என்று அழுதேன்.

அந்த நேரம்தான் படலையைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள திருநெல்வேலியில் மருந்துக்கடையொன்றில் வேலை செய்பவள். பிள்ளை வரம் கேட்டு வந்தவள், அவருடைய காய்ந்து வெடித்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா சலம் போனவரோ, அம்மா?"

"காலமையிலையிருந்து இல்லைப் பிள்ளை."

"என்னென்ன குளிசை குடிக்கிறவர்?"

நடுக்கத்துக்குத் தந்த குளிசைகளையும் மஞ்சள் குளிசையையும் காட்டினேன்.

"நடுக்கத்துக்குக் குடிக்கிற சில குளிசையளோடை இது சேரக்கூடாது. மூளை மயங்கி இல்லாத உருவங்கள் தெரியும். சலமும் அடைக்கும். இப்பவே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

டாக்குத்தரும் அதையேதான் சொன்னார். அடைத்திருந்த சிறுநீரைக் குழாய் வைத்து எடுத்துவிட்டார்கள். மஞ்சள் குளிசையை நிறுத்தினார்கள். நடுக்கக் குளிசையை நாங்களாக நிறுத்தக்கூடாது என்று சொல்லி, அளவைத் தாங்களே பார்த்து மாற்றினார்கள். சில நாளில் பட்டுப்பாவாடை மங்கி மறைந்தது. ஒரு விடியற்காலை, என் பேரைச் சொல்லி, "பரமேஸ், தேத்தண்ணி இல்லையோ?" என்றார். நான் தேத்தண்ணி போடாமல் அழுதுகொண்டு நின்றேன்.

இப்போது ஒரு தும்மல் மருந்துகூட டாக்குத்தரைக் கேட்காமல் வாங்குவதில்லை. நீங்களும் தாயிடம் மனம்விட்டுக் கேளுங்கள். டாக்குத்தரிடம் போகும்போது, கடையில் வாங்கிய குளிசைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதற்காக அம்பாள் கோபிக்கமாட்டாள்.

அம்மன் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று அயலில் சிலர் இன்னும் கவலைப்படுகிறார்கள். நான் கேட்டபடிதான் போனாள். என் கணவரைத் தந்துவிட்டுப் போனாள்.