பூட்டில்லாத டப்பா

அந்தக் கடைத்தெருவில் சாவிக்காரர் திறக்காத பூட்டு கிடையாது. அவர் சம்பாத்தியத்தில் நாலு நாள் தங்கிய பணமும் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே, ஓர் ஆள் குனிந்து நிற்கிற இடம்தான் அவர் கடை. அங்கே யார் வந்து மூக்கைச் சிந்தினாலும் மனிதரின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்விடும். வீட்டுச் சாவியைத் தொலைத்தவனுக்குச் சும்மா கதவைத் திறந்துவிட்டு, சாப்பாட்டுக்கும் காசு கொடுத்தனுப்பிய மகானுபாவர்!

பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அவர் மனைவி இதையெல்லாம் இருபது வருஷம் பொறுத்துக்கொண்டாள். ஆனால் அவருக்குக் கண்புரை வந்தது. சாவியின் பல்லைக் கண்ணால் பார்க்க முடியாமல் நகத்தால் தடவிப் பார்த்து வெட்டினார். ஒரே வாரத்தில் இரண்டு சாவிகள் திரும்பி வந்தன. மூன்று மாதத்தில் ஆபரேஷன் செய்யாவிட்டால் சாவி வெட்டும் மெஷினை மூட்டை கட்டிவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் ஓர் இரும்புப் பெட்டியில் பணம் சேர்த்துப் பூட்டினாள். யார் வீட்டிலோ பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவில்லையாம், பெட்டி காலி. பூட்டு நல்ல பூட்டுதானா என்று பார்த்ததாகச் சொன்னார். அவள் பெரிய பூட்டாக வாங்கினாள். அதுவும் போயிற்று. அப்புறம் நம்பர் பூட்டு வாங்கி, அவருக்கு நினைவிருக்கவே இருக்காது என்று தெரிந்து கல்யாணத் தேதியை வைத்தாள். மனிதர் பூட்டில் காதை வைத்துக் கேட்டே திறந்துவிட்டார். பணம் போனதைவிட, தேதி தெரியாமலே திறந்ததுதான் அவளுக்கு ஆறவில்லை.

ஒருநாள் காலை, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் மிச்சப் பணத்தைப் போட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொண்டுபோய் வைத்தாள். பூட்டே இல்லை. ஜெராக்ஸ்காரம்மாவும் எதிர்க்கடைத் தையல்காரரும் தங்கள் பங்குக்கு வாராவாரம் போடச் சம்மதித்தார்கள். தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம், முடிந்தபோது திருப்பிப் போடலாம். ஆனால் யாருக்கு என்று மற்றவர்கள் காதில் விழச் சொல்ல வேண்டும்.

சாவிக்காரருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்தவருக்கென்று கேட்பதற்கு அவருக்கு என்ன வெட்கம்? அவர் ஆயிரம் தூக்கிக் கொடுத்திருக்கும் இடத்தில் நால்வரும் பேசி முந்நூறு கொடுத்தார்கள். வாங்கியவர் அதற்கும் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். தையல்காரரின் மெஷின் மோட்டார் எரிந்தபோது டப்பாதான் கைகொடுத்தது. அவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போட்டார்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முதல்நாள் சாவிக்காரர் ஜெராக்ஸ் கடை முன்னால் வந்து நின்றார்.

"ஒருத்தருக்குக் கண்ணு ஆபரேஷன்மா."

"யாருக்குண்ணே?"

"நமக்குத் தெரிஞ்ச ஆளுதான். பாவம், சாவியெல்லாம் தப்பா வெட்டுறாரு."

எதிரே தையல் மெஷின் சத்தம் நின்றது. ஜெராக்ஸ்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அந்த ஆளே வந்து வாய்விட்டுக் கேட்கட்டும்ணே. எடுத்துத் தரேன்."

அவர் கடைக்குத் திரும்பிப் போனார். சும்மா இருந்த அரத்தைத் துடைத்தார். மறுபடி வந்தார், மழை வருமா என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாவது தடவை வந்து, எதற்கென்றே தெரியாமல் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். ஊருக்கெல்லாம் நீட்டிய கை, தனக்கென்று ஒருநாளும் நீண்டதில்லை. பயமாகவே இருந்தது அவருக்கு.

சாயங்காலம் மனைவி வேனிலிருந்து இறங்கி வந்தாள். நான்காவது தடவையாக ஜெராக்ஸ் கடை முன்னால் நின்றவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"எனக்குத்தாம்மா," என்றார் மெல்ல. "எனக்கு வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. ஜெராக்ஸ்காரம்மா டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். கண்ணீரில் அவருக்கு டப்பா எது, மூடி எது என்றே தெரியவில்லை. இரண்டு தடவை முயன்றும் மூடி வரவில்லை. தையல்காரர் தெருவைக் கடந்து வந்து திறந்துவிட்டார்.