சரிவோரத்து லாலாங்

மலையூரான ரிங்லெட் பக்கம் எங்கள் தோட்டத்து லயன் வரிசை வீட்டுக்குப் பின்னால், சரிவில் எனக்கொரு பீன்ஸ் பாத்தி இருக்கிறது. அதில் லாலாங் புல் தொல்லை. வெட்ட வெட்ட, மறுவாரமே ஈட்டி மாதிரி எழுந்து நிற்கும். எரிச்சலில் ஒருநாள் சரிவின் விளிம்பு வரை ஆழமாகக் கொத்தி, வேரை மொத்தமாகப் பிடுங்கிவிட்டேன்.

சரிவுக்குக் கீழ்வீட்டு அஞ்சலை அக்கா அண்ணாந்து பார்த்து, "இப்பதான் பாக்க அழகா இருக்கு லா!" என்றார்.

அந்த வாரம் முழுக்க மழை. ஒரு மத்தியானம் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். என் கண்ணெதிரே விளிம்பு மண் பிளந்தது. கீழே அக்கா குடையோடு கால்வாய் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உள்ள போங்க!" என்று கத்தினேன். தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவராகவே வேலையை முடித்து உள்ளே கால் வைத்தார். பின்னாலேயே பீன்ஸ் கொம்புகளோடு மண் சரிந்து, அவர் வாசற்படியில் போய் நின்றது.

அந்த வேர்கள்தான் மண்ணைக் கட்டிப் பிடித்திருந்தன என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது பாத்திக்குள் மட்டும்தான் வேரோடு பிடுங்குகிறேன். ஓரத்தில் மேலாக அறுப்பதோடு சரி. ஆனாலும் வானம் கறுத்தாலே அக்கா தன் மகள் வீட்டுக்குப் போய்விடுகிறார். சரிந்த இடத்தில் முதலில் தலைகாட்டியிருப்பது லாலாங்தான். சீக்கிரம் வளரு, வளரு என்று தினமும் அதனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.